சவுல் மன்னிப்புக் கேட்டானே, அவனை மட்டும் ஏன் தள்ளிவிட்டார்? (1 சாமுவேல் 15)

திண்ணைவிளக்கு எழுதியது:

எல்லாருக்கும் தோத்திரம். எங்கள் சபை ஓய்வுநாள் பள்ளியில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். இந்த மாதம் இஸ்ரவேலின் தலைவர்களிடம் இருந்த விசுவாசமும் கீழ்ப்படிதலும் என்று தலைப்பு. மோசே, யோசுவா, கிதியோன் வரைக்கும் சிரமம் இல்லை. போன ஞாயிறு சவுலிடம் வந்து சேர்ந்தோம். அமலேக்கியரையும் அவர்களுடைய ஆடுமாடுகளையும் மிச்சமில்லாமல் அழிக்க வேண்டும் என்று கர்த்தருடைய கட்டளை. சவுல் அவர்களை ஜெயித்தான், அவர்கள் ராஜாவான ஆகாகையும் முதல்தரமான ஆடுமாடுகளையும் தப்பவிட்டான், தீர்க்கதரிசி சாமுவேல் வந்து கண்டித்தார், ராஜ்யம் கைவிட்டுப் போயிற்று. பலியைப் பார்க்கிலும் கீழ்ப்படிதல் உத்தமம் என்ற வசனத்தை மனப்பாடத்துக்குக் கொடுத்து முடித்துவிடலாம் என்று இருந்தேன்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் கை தூக்கினான். "டீச்சர், சவுல் பாவம் செய்தேன்னு ஒத்துக்கிட்டானே. தாவீது அடுத்தவன் மனைவியை எடுத்து, அவனையும் கொல்ல வைத்தான். அவனை மன்னிச்சவர் இவனை ஏன் மன்னிக்கலை? ஆடுதானே?" என்றான். மற்ற பிள்ளைகளும் என் முகத்தையே பார்த்தார்கள். அடுத்த வாரம் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வாரம் முழுக்க அதே நினைப்பு. தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அவனை அடக்குகிற பதில் வேண்டாம், அவன் ஒத்துக்கொள்கிற பதில் வேண்டும்.

—

ஏழாம்நாள் எழுதியது:

அக்கா, அந்தப் பையன் பக்கம்தான் நானும். பதினைந்தாம் அதிகாரத்துக்குப் போவதற்கு முன் பதின்மூன்றை ஒருமுறை பொறுமையாகப் படித்துப் பாருங்கள். மிக்மாசில் பெலிஸ்தர் கடற்கரை மணல் போலப் பாளயமிறங்கி இருக்கிறார்கள். சவுலிடம் முதலில் இருந்தது 3000 பேர். ஜனங்கள் குகையிலும் முட்செடிகளுக்குள்ளும் கெபியிலும் போய் ஒளிகிறார்கள். கடைசியில் எஞ்சியது 600 பேர். அந்த 600 பேரிலும் சவுலையும் அவன் மகன் யோனத்தானையும் தவிர ஒருவன் கையிலும் பட்டயம் இல்லை. நாட்டில் கொல்லனே இருக்கக் கூடாது என்று பெலிஸ்தர் பார்த்துக்கொண்டார்கள். கலப்பைக் கொழுவைத் தீட்டக்கூட எதிரியிடம்தான் போக வேண்டும்.

அதற்கான கூலியாக எபிரெயத்தில் 'பீம்' என்று ஒரு சொல் வருகிறது. நெடுங்காலம் அதற்குப் பொருள் தெரியாமல் அரம் என்று ஊகித்து எழுதிவந்தார்கள். பிற்பாடு அகழாய்வுகளில் அதே சொல் பொறித்த சின்னச் சின்ன எடைக்கற்கள் கிடைத்தன. ஒன்று ஏழரை கிராமுக்குக் கொஞ்சம் கூட, அந்தக் காலத்து எடை அளவான சேக்கலில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு. கொழு தீட்ட அவ்வளவு வெள்ளி கொடுத்தான் ஓர் ஏழை விவசாயி.

இப்படிப்பட்ட நிலையில், நான் வந்து பலி செலுத்தும்வரை காத்திரு என்று சாமுவேல் சொன்ன ஏழு நாளும் சவுல் காத்திருந்தான். ஆள் வரவில்லை, ஜனங்கள் சிதறுகிறார்கள். தானே பலி செலுத்தினான். செலுத்தி முடித்த அதே வேளையில் சாமுவேல் வந்து நிற்கிறார். இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சவுல் மேல் இரக்கம்தான் வரும். நானாக இருந்தால் ஐந்தாம் நாளே செலுத்தியிருப்பேன்.

—

மேய்ச்சல்நிலம் எழுதியது:

பதின்மூன்றில் எனக்கும் அவன் மேல் இரக்கம் உண்டு. பதினைந்தில் இல்லை. காரணம் அந்த ஆடுகள்.

எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து செம்மறி. ஆட்டை மறைக்க முடியாது, அது வளர்த்தவர்களுக்குத் தெரியும். பழகாத மந்தையோடு சேர்த்து அடைத்தால் ராத்திரி முழுக்கக் கத்தும். தாயும் குட்டியும் பிரிந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், ஒன்று ஆரம்பித்தால் பட்டியே சேர்ந்துகொள்ளும். சவுல் எப்ரோனுக்குத் தெற்கே இருந்த கர்மேலிலிருந்து எரிகோ பக்கத்துக் கில்கால் வரை இந்தக் கொள்ளை மந்தையை ஓட்டி வந்திருக்கிறான். களைத்துப் போய், இடம் மாறிப் போய் நிற்கிற ஆடுகள். அதற்கு நடுவில் நின்றுகொண்டு சாமுவேலைப் பார்த்து, கர்த்தருடைய வார்த்தையை நிறைவேற்றினேன் என்கிறான்! அவர் கேட்கிற ஒரே கேள்வி, அப்படியானால் என் காதில் விழுகிற இந்த ஆடுகளின் சத்தம் என்ன?

அப்புறம் அவன் பேச்சைக் கவனியுங்கள். ஆடுமாடுகளைத் தப்பவைத்தது ஜனங்கள். மற்றதை அழித்தது "நாங்கள்". நல்ல பேர் வருகிற இடத்தில் தன்னையும் சேர்த்துக்கொள்கிறான், பழி வருகிற இடத்தில் ஜனங்களைத் தள்ளிவிடுகிறான். ஆனால் ஒன்பதாம் வசனம் சவுலும் ஜனங்களும் தப்பவைத்தார்கள் என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. தன் ஜனத்தைக் காட்டிக்கொடுக்கிற ராஜாவை ராஜாவாக வைத்திருக்க முடியுமா? இதை அந்தப் பையனிடம் கேட்டுப் பாருங்கள் அக்கா.

—

ஓலைச்சுவடி எழுதியது:

நல்ல இழை. இறையியல் கல்லூரியில் கற்ற கொஞ்சம் எபிரெயத்தை வைத்து ஒன்று சொல்கிறேன்.

எபிரெயத்தில் கீழ்ப்படிதலுக்கென்று தனியாக ஒரு வினைச்சொல்லை இந்த அதிகாரம் பயன்படுத்தவில்லை. 'ஷமா' என்ற சொல்தான், அதாவது கேட்பது. தமிழர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். "பிள்ளை சொன்னபடி கேட்கிறானா?" என்று அம்மா கேட்டால் காது நன்றாக இருக்கிறதா என்று யாரும் பொருள் கொள்ள மாட்டோம். நம்முடைய 'சொல் கேட்பது' அப்படியே அந்த 'ஷமா'. அதோடு 'கோல்' என்ற சொல்லும் திரும்பத் திரும்ப வருகிறது. சத்தம், குரல் என்று பொருள். இப்போது அதிகாரத்தை இந்த இரண்டு சொல்லைப் பிடித்துக்கொண்டு படியுங்கள். முதல் வசனத்தில் கர்த்தருடைய வார்த்தைகளின் குரலைக் கேள் என்று சாமுவேல் சொல்கிறார். பதினான்கில் ஆடுகளின் குரல், மாடுகளின் குரல். பத்தொன்பதில், கர்த்தருடைய குரலை ஏன் கேட்கவில்லை? இருபதில், கேட்டேனே என்று சாதிக்கிறான். இருபத்து நாலில் உண்மை வெளியே வருகிறது: ஜனங்களுக்குப் பயந்து அவர்கள் குரலைக் கேட்டேன். ஆடு, மாடு, ஜனம், கர்த்தர் எல்லாவற்றுக்கும் ஒரே 'கோல்'. யார் குரல் அவன் காதில் ஏறியது என்பதுதான் வழக்கு.

இன்னொன்று. சவுல் என்ற பெயருக்கே 'கேட்கப்பட்டவன்' என்று பொருள், கேட்டு வாங்கியவன் என்ற அர்த்தத்தில். ஜனங்கள் ராஜா வேண்டும் என்று கேட்டார்கள், கேட்கப்பட்டவன் வந்தான்.

இனி பையனின் கேள்வி. தாவீதைக் கண்டிக்க நாத்தான் தீர்க்கதரிசி வந்தபோது அவன் சொன்னது எபிரெயத்தில் இரண்டே சொல்: கர்த்தருக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்தேன். "ஆனால்" இல்லை, "ஜனங்கள்" இல்லை. சவுல் முப்பதாம் வசனத்தில் என்ன சொல்கிறான்? பாவம் செய்தேன், ஆனாலும் மூப்பர்களுக்கு முன்னால் என்னைக் கனம்பண்ணும். மரியாதை போகாமல் இருந்தால் சரி என்கிற பதற்றம். இதே அதிகாரத்தில் அவன் தனக்கு ஜெயஸ்தம்பம் நாட்டிவிட்டு வந்ததையும் சேர்த்துப் பாருங்கள். மேலும் மூன்று இடங்களில் அவன் சாமுவேலிடம் "உம்முடைய தேவனாகிய கர்த்தர்" என்கிறான். நம்முடைய, என்னுடைய என்று ஓரிடத்தில்கூட வரவில்லை.

தாவீது தப்பித்துவிட்டான் என்றும் நினைக்க வேண்டாம். பிள்ளை இறந்தது. பட்டயம் அவன் வீட்டைவிட்டு விலகாது என்ற சொல் அவன் மகன்கள் அம்னோன், அப்சலோம் கொல்லப்பட்டதில் நிறைவேறியது. மன்னிப்பு வந்தது, விளைவு நிற்கவில்லை. பிள்ளைகளிடம் இதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

—

கேள்விக்குறி எழுதியது:

நான் சபைக்குப் போவதை நிறுத்திப் பல வருடமாகிறது. ஆனாலும் இந்த இழையைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. எல்லாரும் ஆட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். மூன்றாம் வசனத்தில் அழிக்கச் சொன்ன பட்டியலில் ஆட்டுக்கு முன்னால் புருஷர், ஸ்திரீகள், பிள்ளைகள், குழந்தைகள் வருகிறார்கள். குழந்தைகளைக் கொல்லாமல் விட்டிருந்தால் அதுவும் கீழ்ப்படியாமைதானா? அந்தப் பையன் அடுத்ததாக இதைக் கேட்டால் என்ன சொல்வீர்கள்? சண்டைக்காகக் கேட்கவில்லை. என் பதினாறு வயதில் நான் கேட்டேன், அப்போது யாரும் பதில் சொல்லவில்லை.

—

ஓலைச்சுவடி எழுதியது:

தம்பி, நீங்கள் கேட்டது சரியான கேள்வி. அன்றைக்கே யாராவது உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும்.

எனக்கு முன்னாலேயே இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் இருக்கிறார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். யூதர்களின் பழைய சட்ட விளக்க நூலான தல்மூதில் யோமா என்ற பகுதியில் யூத ரபிகள் சவுலின் வாயிலேயே இந்தக் கேள்வியை வைக்கிறார்கள். கொலையுண்ட ஒரே ஓர் ஆளுக்காக ஒரு கிடாரியைக் கொண்டுவந்து பரிகாரம் செய்யச் சொல்கிறது நியாயப்பிரமாணம், அப்படியானால் இத்தனை உயிருக்கு என்ன சொல்வது, பெரியவர்கள் பாவம் செய்தார்கள் என்றால் சின்னவர்கள் என்ன பாவம் செய்தார்கள் என்று சவுல் வாதாடுவதாக வருகிறது. கேட்கக் கூடாத கேள்வி என்று அவர்கள் அதை ஒதுக்கவில்லை.

இரண்டாவது, அந்தக் காலத்துப் போர் மொழி. யோர்தானில் திபான் என்ற ஊரில் 1868இல் மோவாப் ராஜா மேசாவின் கல்வெட்டு கண்டெடுக்கப்பட்டது. இன்று பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நேபோ ஊரைப் பிடித்து 7000 பேரைக் கொன்று தன் தெய்வத்துக்கு அர்ப்பணித்தேன் என்கிறான். சாமுவேல் புத்தகத்தில் முற்றிலும் அழிப்பதற்கு வருகிற அதே 'ஹெரெம்' வேர்ச்சொல். இஸ்ரவேல் என்றைக்குமாக அழிந்தே போயிற்று என்றும் எழுதி வைத்திருக்கிறான். இஸ்ரவேல் அழியவில்லை. அதே போல இந்த அதிகாரத்தில் ஒருவரும் மிஞ்சாத அமலேக்கியர், முப்பதாம் அதிகாரத்தில் தாவீது தங்கியிருந்த சிக்லாகைக் கொள்ளையடிக்கிறார்கள், தாவீதிடமிருந்து 400 வாலிபர் ஒட்டகமேறித் தப்புகிறார்கள். ஆகவே "எல்லாரையும்" என்பதை எண்ணிக்கையாக எடுக்க வேண்டியதில்லை என்று பல ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

இது முழுப் பதில் என்று நான் சொல்ல மாட்டேன். போர் மொழி என்று சொன்னதால் அந்த வசனத்தின் பாரம் குறைந்துவிடாது. நான் விசுவாசிக்கிற கடவுளை மலைப்பிரசங்கத்தில்தான் தெளிவாகப் பார்க்கிறேன். இந்த வசனத்தைப் படிக்கிற ஒவ்வொரு முறையும் மனசு கனக்கிறது.

—

கேள்விக்குறி எழுதியது:

நன்றி ஐயா. ஒத்துக்கொண்டேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கேட்டதற்காக என்னைத் திட்டவில்லை, அது போதும் இப்போதைக்கு.

—

தெற்குவாசல் எழுதியது:

எல்லாரும் அன்போடு எழுதுகிறீர்கள், சந்தோஷம். ஆனாலும் ஒரு கவலை. இப்படி ஒவ்வொன்றுக்கும் விளக்கம் தேடினால் விசுவாசத்துக்கு எங்கே இடம்? யோசுவாவைப் பாருங்கள். எரிகோவை ஆறு நாள் தினம் ஒரு தடவையும், ஏழாம் நாள் ஏழு தடவையும், மொத்தம் பதின்மூன்று தடவை சுற்றினார்கள். பன்னிரண்டாவது சுற்று முடியும்போதும் ஒரு கல்லும் அசையவில்லை. கிதியோனிடம் 32,000 பேர் இருந்தார்கள். பயப்படுகிறவன் போகலாம் என்றதும் 22,000 பேர் போய்விட்டார்கள், தண்ணீர் குடித்த விதத்தைப் பார்த்து மீதியிலும் கழித்து 300 பேர். ஏன் என்று தெரியாமல்தான் நடந்தார்கள். புரிந்த பிறகு கீழ்ப்படிவது பெரிய காரியம் இல்லை, புரியாதபோது கீழ்ப்படிவதுதான் விசுவாசம். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்காமல் விட்டுவிடாதீர்கள் சிஸ்டர்.

—

பனங்காடு எழுதியது:

தெற்குவாசல் பிரதர் சொன்னதை மதிக்கிறேன். ஆனால் என் அனுபவத்தைச் சொல்லியாக வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் நான் இருந்த சபையில் கட்டட நிதிக் கணக்கை ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். என் அம்மா முறுக்கு சுட்டு விற்று மாதாமாதம் கொடுத்த காணிக்கையும் அதில் இருந்தது. கணக்கு வரவில்லை. அடுத்த ஞாயிறு பிரசங்கத்துக்கு எடுத்த வசனம் இதே பதினைந்தாம் அதிகாரம்தான். இரண்டகம்பண்ணுதல் பில்லிசூனிய பாவத்துக்குச் சமம் என்று மேடையிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்கள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்கள். ஊரே பார்த்தது.

ரொம்ப நாள் அந்த வசனத்தைத் திறக்கவே இல்லை. பிறகு ஒரு நாள் திறந்து, இது யார் யாரிடம் சொன்னது என்று பார்த்தேன். சாமுவேல் ராஜாவிடம் சொன்னது! கையில் சேனையும் கொள்ளையும் வைத்திருந்தவனிடம், கொள்ளையில் என்ன செய்தாய் என்று கணக்குக் கேட்கும்போது சொன்னது. கேள்வி கேட்கிற ஜனத்தின் வாயை அடைக்கச் சொன்னதே இல்லை. உபாகமம் பதினேழில் ராஜாவுக்கு என்று தனிச் சட்டம் இருக்கிறது. குதிரைகளைப் பெருக்காதே, மனைவிகளைப் பெருக்காதே, வெள்ளியையும் பொன்னையும் மிகுதியாய்ப் பெருக்காதே. நியாயப்பிரமாணத்தைப் பிரதி எடுத்து வைத்துத் தினமும் வாசி, உன் சகோதரர் மேல் உன் இருதயம் மேட்டிமை கொள்ளாதிருக்க. கீழ்ப்படிதல் என்ற பாடம் இஸ்ரவேலில் முதலில் சிங்காசனத்தில் இருப்பவனுக்கு. பிள்ளைகளுக்கு எடுக்கும்போது தயவுசெய்து இதைச் சேர்த்துச் சொல்லுங்கள் அக்கா. நாளைக்கு யாராவது இந்த வசனத்தைக் காட்டி அவர்களைப் பயமுறுத்தக் கூடாது.

—

தெற்குவாசல் எழுதியது:

சகோதரா, உங்கள் தாயாருக்கு நடந்ததை வாசித்து மனம் உடைந்தேன். நான் சொன்னதை அப்படிப் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதை யோசிக்கவில்லை. கிதியோனும் இரண்டு முறை தோலைப் போட்டு அடையாளம் கேட்டான், கர்த்தர் கோபிக்கவில்லை. அதையும் நான் எழுதியிருக்க வேண்டும்.

—

கிணற்றடி எழுதியது:

தாமதமாக வருகிறேன். கிதியோனின் பின்பகுதியை யாரும் தொடவில்லையே. நான் உங்களை ஆளமாட்டேன், கர்த்தரே ஆளுவார் என்று வாயால் சொன்னான். அடுத்த மூச்சில் கொள்ளையின் கடுக்கன்களைக் கேட்டு வாங்கினான், 1700 சேக்கல் பொன். இன்றைய கணக்கில் ஏறக்குறைய 19 கிலோ. அதில் ஏபோத்து என்ற ஆசாரிய அங்கியைச் செய்து தன் ஊரான ஓப்ராவில் வைத்தான், அதுவே அவன் வீட்டுக்குக் கண்ணியாயிற்று. மகனுக்கு வைத்த பெயர் அபிமெலேக்கு, 'என் தகப்பன் ராஜா'. 300 பேரோடு நின்றவனும் இவன்தான்.

எனக்கு இதில் மிகவும் நெருக்கமான இடம் மோசேயும், வனாந்தரத்தில் தண்ணீர் இல்லாத காதேசும். எண்ணாகமம் இருபது. கன்மலையைப் பார்த்துப் பேசு என்றார் கர்த்தர், மோசே கோலால் இரண்டு தரம் அடித்தார். தண்ணீர் ஏராளமாய் வந்தது, ஜனமும் மிருகங்களும் குடித்தன. தண்ணீர் வந்ததால் செய்தது சரியாகிவிடவில்லை. பலன் கிடைத்ததைக் காட்டி நாம் எத்தனை காரியத்தை நியாயப்படுத்துகிறோம்! அதோடு, முன்பு ரெவிதீம் என்ற இடத்தில் இதே போலத் தண்ணீர் இல்லாதபோது கர்த்தர் கன்மலையை அடிக்கத்தான் சொல்லியிருந்தார். பழைய உத்தரவு கையில் பழகிப் போய், புதிய உத்தரவு காதில் விழவில்லை.

ஆனால் அதே அதிகாரத்தின் முதல் வசனத்தைப் பாருங்கள். மீரியாம் அங்கே மரித்து அடக்கம்பண்ணப்பட்டாள். நாணலுக்குள் கிடந்த குழந்தையைத் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அக்காவை நினைத்துக்கொள்ளுங்கள். அவளேதான். ஆரோன் இறந்தபோது முப்பது நாள் துக்கம் கொண்டாடினார்கள் என்று அதிகாரத்தின் கடைசி வசனம் சொல்கிறது. மீரியாமுக்கு அப்படி எதுவும் எழுதப்படவில்லை. அடுத்த வசனமே தண்ணீர் இல்லை என்று ஜனங்கள் சண்டைக்கு வருகிறார்கள். அக்காவைப் புதைத்த கையோடு நிற்கிற ஒரு கிழவரின் கோபம் அது. என் அக்கா இறந்த வாரத்தில் இதைப் படித்தேன், அன்றிலிருந்து மோசேயைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. அந்தக் காரியத்தால்தான் நேபோ மலையிலிருந்து தேசத்தைப் பார்த்தார், உள்ளே போகவில்லை. கண்டித்த கர்த்தரே கடைசியில் அவரை அடக்கம்பண்ணினார் என்று உபாகமம் சொல்கிறது.

ஜனங்களுடைய சொல்லைக் கேட்டதே தப்பு என்றும் சவுல் கதையிலிருந்து எடுத்துவிட வேண்டாம். மோசே தன் மாமன் சொல் கேட்டார். சாலொமோனின் மகன் ரெகொபெயாம் ராஜா ஜனங்கள் சொல்லைக் கேட்காமல்தான் பத்துக் கோத்திரத்தை இழந்தான். பதினான்காம் அதிகாரத்தில் சவுலின் மடத்தனமான ஆணையால் யோனத்தான் சாக இருந்தபோது, அவன் தலையில் ஒரு மயிரும் விழாது என்று ஜனங்கள்தான் குறுக்கே நின்றார்கள். ஜெயித்துத் திரும்பும்போது வீட்டிலிருந்து எதிரே வருவதைப் பலியிடுவேன் என்று பொருத்தனை செய்தான் யெப்தா, வந்தது அவன் மகள்; அவளுக்கு அப்படிக் குறுக்கே நிற்க ஒருவரும் இல்லை. யெப்தாவிடம் அந்தப் பொருத்தனையை யாரும் கேட்கவும் இல்லை.

—

திண்ணைவிளக்கு எழுதியது:

இன்று வகுப்பு முடிந்து வந்து எழுதுகிறேன். எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

வசனத்தை முதலில் படிக்கவில்லை. சவுல் பேசியதை ஒரு பக்கமும் தாவீது பேசியதை ஒரு பக்கமும் கரும்பலகையில் எழுதிப் போட்டேன், யார் பேசியது என்று போடவில்லை. "இதில் யார் நிஜமா வருத்தப்பட்டது?" என்று கேட்டேன். "அவங்க", "நாங்க" என்று சவுல் மாற்றி மாற்றிப் பேசியதைப் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். ஆடு கத்துகிற இடத்தைச் சொன்னபோது ஆடு வளர்க்கிற வீட்டுப் பெண் ஒருத்தி சிரித்துவிட்டாள், தெரியும் என்கிற சிரிப்பு. கில்காலுக்குப் போகுமுன் சாமுவேல் ராத்திரி முழுக்கக் கர்த்தரை நோக்கிக் கூப்பிட்டார் என்பதையும், சவுலை நினைத்துத் துக்கித்துக்கொண்டே இருந்தார் என்பதையும் படித்தோம். கண்டித்தவர் அழுதிருக்கிறார் என்பது அவர்களுக்குப் புதிது. எனக்கும்தான், இத்தனை வருடம் அந்த வரியைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

குழந்தைகளைக் கொல்லச் சொன்ன வசனம் வரும் என்று பயந்துகொண்டே இருந்தேன். வந்தது. அதே பையன்தான். ஓலைச்சுவடி ஐயா எழுதியதை என் வார்த்தையில் சொன்னேன். எனக்கும் இது முழுதாக விளங்கவில்லை என்றேன். கேள்விக்குறி தம்பியை நினைத்துக்கொண்டேதான் சொன்னேன். பையன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ ராஜா தப்பாச் சொன்னா சேவகன் என்ன செய்யணும் டீச்சர்?" என்றான்.

மணி அடித்துவிட்டது. இருபத்திரண்டாம் அதிகாரத்தைப் படித்துவிட்டு வா என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். தாவீதுக்கு உதவினார்கள் என்று நோப் ஊரின் ஆசாரியர்களைக் கொல்லச் சொல்லிச் சவுல் தன் சேவகருக்குக் கட்டளையிட்ட இடம். அவர்கள் ஒருவரும் கை நீட்டவில்லை. ஏதோமியனான தோவேக்கு முன்வந்து 85 பேரை வெட்டினான். அமலேக்கியரிடம் ஆகாகைத் தப்பவிட்ட அதே சவுல், இங்கே குழந்தைகளையும் கைக்குழந்தைகளையும் விடவில்லை. அந்தச் சேவகர்களின் பெயர்கூட எழுதப்படவில்லை. அவர்களைப் பற்றி யாருக்காவது இன்னும் ஏதாவது தெரிந்தால் ஞாயிற்றுக்கிழமைக்கு முன் எழுதுங்கள்.